பாதி வால் விமானம்

மீன் வாங்க உக்கடம் போன என் கணவர் மீன் இல்லாமல் திரும்பி வந்தார். கையில் ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகை இருந்தது. அட்டை கிடையாது. ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. அடுப்பில் மிளகாயும் மல்லியும் வறுத்து, புளியையும் கரைத்து வைத்துக் காத்திருந்தேன்.

"மீன் எங்கீங்க?" என்றேன்.

"இதைப் பாரு" என்றார்.

பார்த்தேன். ஒரு விமானத்தின் படம். நடுவில் இருக்க வேண்டிய உடம்பு நடுவில் இல்லை. இறக்கையின் இடது பக்கத்தில் இன்ஜினும், அதன் பின்னால் நீண்ட வாலும் இருந்தன. வலது பக்கத்தில் தனியாக ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்களாம். வாலின் முனையில் குறுக்கே இருக்கும் சின்ன இறக்கை இடது பக்கம் மட்டும் இருந்தது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

"பாதி கிழிஞ்சு போச்சாட்ட இருக்குதுங்க" என்றேன்.

"கிழியல. அதுவே அப்படித்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் விமானத் தொழில்நுட்பம் பற்றி, ஒரு கணக்கு டீச்சர் வாழ்நாளில் தெரிந்துகொள்ள வேண்டியதைவிட அதிகமாகத் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோயமுத்தூர் போத்தனூரில் ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் கீழ்ப்போர்ஷன் ஒன்றில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்கார அம்மா. என் கணவர் பம்ப் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் இருந்தார். நான் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தேன். மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். கல்லூரியில் படித்த காலத்தில் என் கணவர் ஏரோமாடலிங் கிளப்பில் இருந்தவர், சின்னச் சின்ன விமானங்கள் செய்து பறக்கவிட்டவர் என்பது கல்யாணத்துக்கு முன்பே எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. 'வேற ஒரு கெட்ட பழக்கமும் இல்லீங்க' என்ற வாக்கியத்தின் தொடர்ச்சியாக அதைச் சொன்னார்கள். நானும் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுவாரம் எங்கள் சாப்பாட்டு மேசை விமானக் கூடமாகிவிட்டது. பெங்களூருக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் பால்சா மரப்பலகைகள் வாங்கி வந்தார். கையில் எடுத்தால் தெர்மாகோல் மாதிரி இருக்கும், நகம் பட்டால் பள்ளம் விழும். மேசையில் நாலடி நீளத்துக்கு இறக்கையின் எலும்புக்கூடு கிடந்தது. குண்டூசி, பசை, உப்புத்தாள், பிளேடு எல்லாம் அங்கேதான். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குழந்தை குண்டூசியை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுமோ என்று நான் நாள் முழுக்கக் குனிந்தபடியே நடந்தேன்.

"ஏனுங்க, செய்யறதுதான் செய்யறீங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற விமானமா ஒண்ணு செய்யக் கூடாதுங்களா?"

"அது எல்லாரும் செய்யறதுதான?"

இதுதான் அவருடைய பதில். இதற்கு மேல் கேட்டால் விளக்கம் வரும். ஒரே இன்ஜின் வைத்த விமானத்தில் இன்ஜின் மூக்கில் இருக்கும், ஓட்டுகிறவர் அதன் பின்னால் இருப்பார், கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க விடாமல் இன்ஜினே மறைக்கும். வேவு பார்க்கிற விமானத்துக்குக் கண்தான் முக்கியம். அதனால் அந்த ஜெர்மன் இன்ஜினியர் ஆட்களைத் தூக்கி வலது பக்கம் தனிக் கண்ணாடி அறையில் வைத்துவிட்டார். அப்படி வைத்தால் ஒரு பக்கம் சாயாதா என்றால், சாயாது. காற்றாடி ஒரு பக்கமாகச் சுற்றும்போது விமானத்தின் உடம்பு அதற்கு எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கும். அந்தப் புரளலை இந்தப் பக்கத்துக் கனம் பிடித்து நிறுத்தும். கோணலாகத் தெரிவதுதான் அதை நேராக வைத்திருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் முகம் பிரகாசமாகிவிடும்.

ஒரு நாள் கேட்டேன்: "அது போர் விமானந்தானுங்களே. கீழ பாக்கறது எதுக்கு? எங்க குண்டு போடலாம்னு சொல்றதுக்குத்தான? அந்த ஆளுங்களோட விமானம் என்ற ஊட்டு மேசையில எதுக்குங்க?"

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். பிறகு, "நான் அதுல எந்தச் சின்னமும் வரையலயே" என்றார். அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உப்புத்தாளை மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

எனக்கு எரிச்சலூட்டிய விஷயம் விமானம்கூட அல்ல. அதைப் பார்க்கிறவர்கள்தான். அவர் காலையில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விடுவார். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வது என் தலையில் விழுந்தது. பால்காரர், கேபிள் டிவிக்காரர், சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் குடத்தோடு வருகிற பக்கத்து வீட்டுப் பெண்கள், எல்லோருக்கும் ஒரே கேள்வி.

"ஏனுங்க டீச்சர், மீதிப் பாதி எப்பங்க வரும்?"

"அவ்வளவுதானுங்க."

"ஒடஞ்சு போச்சுங்களா?"

"இல்லீங்க. ஒரிஜினலே அப்படித்தானுங்க."

அவர்கள் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். கடைசியில் எனக்கே பொறுக்காமல் காற்றாடியும் புரளலும் கனமும் என்று ஆரம்பித்துவிடுவேன். பள்ளியில் ஏழு பீரியட் கத்திவிட்டு வந்து வாசலில் எட்டாவது பீரியட். வீட்டுக்கார அம்மா மட்டும் எதையும் கேட்கவில்லை. ஒரு முறை படியிறங்கி வந்து பார்த்துவிட்டு, "பாவமுங்க உங்க ஊட்டுக்காரரு, எத்தன நாளா அதோட மல்லுக்கட்டறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அடிக்கிற காற்றில் கொடியில் போட்ட துணியே நிற்காது, இந்தக் காற்றில் இதைப் பறக்கவிட முடியாது என்று சொல்லிவிட்டார். காற்று நிற்கும்வரை விமானமும் மேசையில் நின்றது. மெல்லிய தாள் ஒட்டி, அதன்மேல் நாற்றமடிக்கும் ஏதோ ஒரு திரவம் பூசி, பச்சை வண்ணம் அடித்து, கண்ணாடிக் கூண்டுக்கு எக்ஸ்ரே பிலிமைக் கழுவி ஒட்டி, எல்லாம் முடித்துவிட்டார். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

ஐப்பசியில் தாராபுரத்தில் என் கணவர் பக்கத்துச் சொந்தத்தில் கல்யாணம் ஒன்று வந்தது. இரண்டு நாள் போக வேண்டும். அதே நேரத்தில் என் அண்ணன் ஏதோ மெஷின் சாமான் வாங்க கோயமுத்தூர் வருவதாக மாடி வீட்டுக்கு போன் செய்தார். கிணத்துக்கடவில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்துவைத்து, விமானம் நிற்கும் அந்தத் தேக்கு மேசை உட்பட சீர் கொடுத்து அனுப்பியவர். வீட்டுக்கார அம்மாவிடம் சாவி கொடுத்திருக்கிறேன், தங்கிக்கொள்ளுங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதுவரை அவர் விமானத்தைப் பார்த்ததில்லை. அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கல்யாணம் முடிந்து மத்தியானம் திரும்பி வந்தோம். அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். பொங்கலுக்குப் புடவை எடுத்து வரும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"உள்ள வந்து பாருங்க மாப்ள" என்றார்.

மேசையில் விமானம் நின்றது. வாலின் வலது பக்கத்தில், இல்லாமல் இருந்த அந்தச் சின்ன இறக்கை இப்போது இருந்தது. மிச்சமிருந்த பால்சாவில் அளவெடுத்து, வளைவு பார்த்து இழைத்து, தாள் ஒட்டி, அதே பச்சையைக் கலந்து அடித்திருந்தார். இணைப்பு எங்கே என்று விரலால் தடவினால்கூடத் தெரியவில்லை.

"மேல இருக்கற அம்மா சொல்லுச்சுங்க. ரொம்ப நாளா ஒடஞ்சு கெடக்குது, மாப்ள பாத்துப் பாத்து வெசனப்படறாருன்னு. நமக்கு இதெல்லாம் ஒரு சோலிங்களா? ஒரே நாள்ல முடிச்சுப்போட்டேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கத்துகிறவர் அல்ல. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்யாணப் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே அந்த வாலை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இழைச்சிருக்கீங்க மச்சான்" என்றார். அண்ணனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் நான் அண்ணனை ஊருக்கு அனுப்பிவிட்டு மெதுவாக ஏதாவது செய்திருப்பேன். அவசரமாகச் சோறு வடித்து, கல்யாண வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய கூட்டையும் பொரியலையும் சுடவைத்து அண்ணனுக்கு இலை போட்டேன். என் கணவர் பசிக்கவில்லை என்றார். அண்ணன் இரண்டாவது வாய் எடுத்துவைக்கும்போது மேசைப் பக்கமிருந்து 'கிர்ர் கிர்ர்' என்று சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் என் கணவர் ஹாக்ஸா பிளேடால் அந்த வாலை அறுத்துக்கொண்டிருந்தார். மும்முரமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு.

"என்ன மாப்ள பண்றீங்க?" என்றார் அண்ணன்.

"இல்லீங்க மச்சான், இதுல இந்தப் பக்கம் வால் கெடையாதுங்க. பின்னால துப்பாக்கியோட ஒருத்தர் உக்காந்திருப்பாருங்க. அவருக்கு மறைக்குமுங்க."

"எவருக்கு?"

"துப்பாக்கிக்காரருக்குங்க."

அண்ணன் விமானத்தின் கூண்டைப் பார்த்தார். அதற்குள் யாரும் இல்லை. பிறகு இலையை மூடினார். எழுந்து கை கழுவினார். அறுந்து விழுந்த துண்டை மேசையிலிருந்து எடுத்துச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் வாரேன் அம்மணி."

பாதிச் சாப்பாட்டில் அண்ணன் எழுந்து போவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் தெருமுனைவரை பின்னால் ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தால் என் கணவர் அறுத்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் ஏன் எந்திரிச்சுப் போயிட்டாரு?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

அன்று நான் பேசியதையெல்லாம் எழுத முடியாது. மாடியில் வீட்டுக்கார அம்மா ரேடியோ சத்தத்தைக் குறைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தை பிறந்தது. அண்ணன் வரவில்லை. பொங்கல் சீர் பட்டறை ஆள் ஒருவர் மூலமாக வந்தது. கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, புடவை எல்லாம் குறைவில்லாமல் வந்தன. அண்ணன் மட்டும் வரவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அம்மாவுக்கு போன் செய்தேன்.

"அப்படி என்னதான் சொல்லிப்போட்டாரு உன்ற ஊட்டுக்காரரு? அவன் வாயவே தொறக்க மாட்டேங்கறான்."

என்னவென்று சொல்வது? ஜெர்மன்காரன் ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு விமானத்தில் பாதி வால் வைக்கவில்லை, அண்ணன் வைத்தார், இவர் அறுத்தார் என்று சொன்னேன். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த ஜெர்மன்காரன் நமக்கு என்ன வேணும் கண்ணு?" என்றாள் அம்மா.

விஷயம் அதோடு நிற்கவில்லை. பங்குனியில் மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். குலதெய்வக் கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. தாய்மாமன் இல்லாமல் என்ன காதுகுத்து? அண்ணனோ, மாப்பிள்ளை வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று சொல்லியனுப்பினார். என் கணவரோ, என்ன வார்த்தை என்று கேட்டார்.

"தப்புன்னு சொல்லுங்க."

"எது தப்பு? அந்த வால் தப்பு. அதை எடுத்தது எப்படித் தப்பாகும்?"

"அதை அவரு சாப்படறப்ப எடுத்தது தப்புங்க."

"சரி, சாப்படறப்ப எடுத்தது தப்புன்னு சொல்றேன். வால் வெச்சது சரின்னு சொல்ல மாட்டேன்."

கணக்கு டீச்சருக்கு இப்படி ஒரு கணவர். அந்த விமானத்தின் கதையையே அவர் அப்படித்தான் சொல்வார். நன்றாகப் பறந்தது, ஆனால் பார்த்த அதிகாரிகளுக்கு அதன் தோற்றம் பிடிக்கவில்லை. சக்தி போதாது என்றார்கள். பெரிய இன்ஜின் போட்டுக் காட்டினால், அந்த இன்ஜின் சண்டை விமானங்களுக்கு வேண்டும் என்றார்கள். இருபத்துச் சொச்சம் செய்ததோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக இரண்டு இன்ஜின் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்த வேறொரு கம்பெனி விமானத்தை எடுத்துக்கொண்டார்கள். இதை ஏதோ நேற்று தன் கம்பெனியில் தனக்கே நடந்ததுபோலச் சொல்வார். அப்படிச் சொல்கிறவரிடம் வாலைப் பற்றிச் சமரசம் பேச முடியுமா?

கடைசியில் நானே ஒரு சனிக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணத்துக்கடவுக்குப் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். அண்ணன் பட்டறையில் நின்று, இரும்புச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். அண்ணன் லேத்தை நிறுத்தவில்லை. குழந்தை அவர் வேட்டியைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினார்.

"நான் இருவது வருசமா இந்தப் பட்டறையில இருக்கறேன் அம்மணி. ஒரு பக்கம் கனமா இருந்தா எதுவும் நிக்காது. அந்த விமானம் பறக்கவே பறக்காது. இன்னி வரைக்கும் அவரு பறக்க உட்டாரா?"

"காத்து அடிச்சுதுங்ணா."

"இப்ப மாசியில எங்க காத்து? பறக்க உடச் சொல்லு. என்ற வால் இல்லாம ஒருக்கா, என்ற வாலோட ஒருக்கா. எது நல்லாப் பறக்குதுன்னு என்ற கண்ணால பாத்துப்போட்டு அப்பறம் காதுகுத்தப் பேசலாம்."

என் மகளின் காது இரண்டும் ஒரு பொம்மை விமானத்தின் வாலில் போய்த் தொங்கின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கல்லூரி மைதானத்துக்குப் போனோம். என் கணவர் விமானத்தை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நானும் குழந்தையும் மீதி இடத்தில் ஒடுங்கிக்கொண்டோம். அண்ணன் வேனில் வந்து இறங்கினார். கையில் செய்தித்தாளில் சுற்றிய அதே துண்டு. மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

ரிமோட்டெல்லாம் வாங்க வசதியில்லாத காலம். விமானத்தின் இடது இறக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் வரும். அவற்றைக் கைப்பிடியில் கட்டி நடுவில் ஒருவர் நிற்க வேண்டும். விமானம் அவரைச் சுற்றிச் செக்கு மாடுபோல வட்டமடிக்கும். அவரும் கூடவே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். கைப்பிடியைச் சாய்த்தால் ஏறும், இறங்கும். சுண்டுவிரல் உயரத்துக்கு ஓர் இன்ஜின். அதற்குள் ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றியதும் மைதானமே ஆஸ்பத்திரி மாதிரி நாறியது.

காற்றாடியை விரலால் சுண்டிச் சுண்டி என் கணவர் அரைமணி நேரம் போராடினார். விரலில் ரத்தம் வந்தது. அண்ணன் வேன் நிழலில் கைகட்டி நின்றார். குழந்தை வெயிலில் அழுதது. பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் வாயைத் திறந்த நேரத்தில் இன்ஜின் 'ஙொய்ய்ய்' என்று பிடித்துக்கொண்டது.

விமானத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவர் நடுவுக்கு ஓடினார். கை காட்டியதும் விட வேண்டும். அது என் கையில் உதறியது. பிடித்திருந்த என் கை, தோள், பல் எல்லாம் நடுங்கின. விட்டேன்.

தரையில் கொஞ்சம் தத்தியது. பிறகு எழும்பியது. புரளவில்லை, சாயவில்லை. ஒரு பக்கம் இன்ஜினும் மறு பக்கம் கூண்டுமாக, இருக்க வேண்டியதுபோலவே இருந்துகொண்டு வட்டம் போட்டது. வெளிப்பக்கம் இருந்த கூண்டின் கனம் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டது. இத்தனை மாதம் அதைத் திட்டிய நான் கைதட்டினேன். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, அது போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பினாள். எண்ணெய் தீர்ந்ததும் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து இறங்கியது.

அண்ணன் பக்கத்தில் வந்தார். செய்தித்தாளைப் பிரித்து வாலை நீட்டினார்.

என் கணவர் மறுப்பார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். பசையும் டேப்பும் வைத்து ஒட்டினார். மறுபடி சுண்டல், மறுபடி ரத்தம், மறுபடி 'ஙொய்ய்ய்'. முழு வாலோடு விமானம் எழும்பியது. முன்பு எப்படிப் பறந்ததோ, ஒரு வித்தியாசமும் இல்லாமல் அப்படியே பறந்தது.

இறங்கியதும் அண்ணன் சொன்னார்: "பாத்தீங்களா மாப்ள, என்ற வாலோடயும் பறக்குது."

"பறக்குமுங்க மச்சான். அந்த விமானத்துலயே மொதல்ல செஞ்சதுக்கு முழு வால்தானுங்க. பின்னாடிதான் பாதியா மாத்துனாங்க."

நான் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"முழு வாலோட பறக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்குங்க அன்னிக்கு அறுத்தீங்க?"

"நம்மகிட்ட இருக்கற படத்துல பாதி வால்தான இருக்குது" என்றார்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி. ஐந்து மாதமாக என் அம்மாவிடமும், மாமியாரிடமும், பட்டறையிலும், எஸ்.டி.டி. பூத்திலும் தொண்டை வறளப் பேசியது எல்லாம் இதற்காக. எனக்குக் கோபம்கூட வரவில்லை. மைதானத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத சத்தத்தில் சிரித்தார்.

"குடுங்க மாப்ள அந்தக் கைப்பிடிய. நானும் ஒருக்காப் பாக்கறேன்."

"மச்சான், மொதத் தடவைங்க, தல சுத்துமுங்க. விமானத்தையே பாத்துட்டுச் சுத்தோணும், வேற எங்கயும் பாக்கக் கூடாதுங்க."

"லேத்து சுத்தறதயே இருவது வருசமாப் பாக்கறனுங்க."

நாலாவது சுற்றில் அண்ணன் எங்களைப் பார்த்துக் கையாட்டினார். ஐந்தாவது சுற்றில் கால் பின்னிக்கொண்டது. கை மேலே போனது, பிறகு கீழே போனது. விமானம் நேராக ஏறி, நேராக இறங்கி, மைதானத்தில் மூக்கு குத்தியது. கூண்டு ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம், இன்ஜின் ஒரு பக்கம். அண்ணன் மல்லாந்து கிடந்தார். நான் அலறிக்கொண்டு ஓடினேன்.

"ஒண்ணுமில்ல அம்மணி. பூமிதான் நிக்க மாட்டேங்குது" என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

என் கணவர் மண்ணில் முழங்காலிட்டு ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். கடைசியாக வாலைப் பொறுக்கி எடுத்தார். அண்ணன் செய்த பாதியும் அவர் செய்த பாதியும் ஒட்டியபடியே, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மச்சான், உங்க வால் அப்படியே நிக்குதுங்க" என்றார். 'தப்பு' என்ற வார்த்தைக்குப் பதிலாக அண்ணன் இதையே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் காதுகுத்துக்கு வருகிறேன் என்று அவரும் தனியாகச் சொல்லவில்லை. துண்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு, எங்களையும் ஏற்றிக்கொண்டு, பட்டறையில் வைத்துச் சரிசெய்யலாம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

பங்குனியில் கோயில் வேப்பமரத்தடியில் அண்ணன் ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மகள் அவர் மடியில் இருந்தாள். பொற்கொல்லர் முதல் காதைக் குத்தியதும் அவள் மாமனின் கட்டை விரலைக் கடித்துவிட்டாள். அண்ணன் விரலை உருவவில்லை. கடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். என் கண்ணில் தண்ணீர் வந்தது.

அந்த நேரத்தில் என் கணவர் குனிந்து, "மச்சான், இன்ஜின வெக்கற பலகைக்குத் தேக்குக்குப் பதிலா அலுமினியத்துல ஒண்ணு கடைஞ்சா என்னுங்க?" என்றார்.

"கனம் ஆகாதுங்களா மாப்ள?"

"அந்தப் பக்கம் கூண்டுல கொஞ்சம் ஈயம் வெச்சுக்கலாமுங்க."

"ஏனுங்க," என்றேன் நான், "இன்னொரு காது பாக்கி இருக்குதுங்க."

"நீ சும்மா இரு அம்மணி" என்றார் அண்ணன். "மாப்ள ஏதோ முக்கியமாச் சொல்றாரு."

குழந்தைக்கு வாழைப்பழம் உரித்தபடி, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த பொற்கொல்லரிடம், நீங்கள் குத்துங்கள், இவர்கள் பேச்சு இப்போதைக்கு முடியாது என்று சொன்னேன். அவர் குத்தினார்.